மேடைக்கு ஒரு துவைகல் செய்தோம்

சிங்கப்பூரில் எங்கள் இளையர் நாடகக் குழுவும் ஜப்பானிலிருந்து வந்த நால்வர் இசைக்குழுவும் சேர்ந்து மேடையேறிய நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. அதில் ஒரு துவைகல் தாளக்கருவியாக இருந்தது. ஈரத்துணியை ஓங்கி அடித்தால் அந்த அடி டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவில் தனியாகக் கேட்க வேண்டும். அதை எப்படிச் செய்தோம், எது சரிவரவில்லை, எவ்வளவு செலவானது என்பதையெல்லாம் மறப்பதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன். இப்படி ஒன்றை வேறு யாராவது செய்யப் போனால் முதல் சில வாரங்களாவது மிச்சமாகும்.

நாடகம் பிள்ளைகளே எழுதியது. பதினைந்து வயதிலிருந்து இருபத்தொன்று வரை உள்ளவர்கள். டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும்போது, இந்த இடத்தில் ஒரு காலத்தில் நம்மவர்கள் ஓடையில் இறங்கித் துணி துவைத்தார்கள், பக்கத்துத் திடலில் காயப்போட்டார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. அந்த ஓடைதான் பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது. இன்றைக்கு அதன் பெரும்பகுதி சாலைக்கு அடியில் மூடிக் கிடக்கிறது. அங்கே துவைத்தவர்களைப் பற்றிய நாடகம் என்றால், துவைக்கிற சத்தம் பதிவு செய்து போடுகிற சத்தமாக இருக்கக் கூடாது, கண் முன்னால் ஒரு கை அடிக்க வேண்டும் என்பதில் பிள்ளைகள் உறுதியாக இருந்தார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மேடைப் பொருள், ஒலி இரண்டும் என் பொறுப்பு.

வந்த குழுவில் டிரம்ஸ், பேஸ், மின் கிட்டார், சாமிசென் என்று நான்கு பேர். சாமிசென் மூன்று தந்திக் கருவி. விசிறி போல விரிந்த மட்டையால் தந்தியோடு தோலையும் சேர்த்து அடித்து வாசிப்பார்கள், சத்தம் கூர்மையாக வரும். வெளிநாட்டுக் கலைஞர்கள் மேடையேறுவதற்கான அறிவிப்பு, நாடகப் பிரதிக்கான உரிமம் இவற்றையெல்லாம் ஏற்பாட்டாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதனால் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் நிஜக் கல்லைத்தான் முயன்றோம். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு வீட்டில் சமையலறை புதுப்பிப்பு நடந்தது. மிஞ்சிய கிரானைட் பலகையைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம். எடை 30 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஈர வேட்டியை அடித்தால் அறைக்குள் அற்புதமான சத்தம். ஆனால் முன்னால் ஒரு சாதாரண மைக்கை நிறுத்தியபோது, நாலு மீட்டர் தள்ளியிருந்த டிரம்ஸ்தான் அதில் அதிகமாக விழுந்தது. மைக்கின் மேல் தண்ணீரும் தெறித்தது. சரி, கல்லோடு ஒட்டுகிற தொடு மைக் போடலாம் என்று பார்த்தால், அதில் "டிக்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தொடு மைக் காற்றில் வரும் சத்தத்தைக் கேட்காது, ஒட்டியிருக்கிற பொருள் எவ்வளவு அசைகிறதோ அதைத்தான் கேட்கும். அவ்வளவு கனமான கல்லை ஒரு துணி அசைத்துவிட முடியுமா? துணியின் சத்தம் முழுக்கக் காற்றில்தான் இருந்தது. கிரானைட்டைக் கைவிட்டோம். அந்தப் பலகை இப்போது புளோக்கின் சமூகத் தோட்டத்தில் தொட்டிகளைத் தாங்குகிறது.

அடுத்து மரம். சுங்கை காடுட்டில் ஒரு மரக்கடையில் 12 மி.மீ. மரைன் பிளைவுட் ஒரு முழுத்தாள் வாங்கினோம், 70 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நீரில் நனையப் போகிற பொருளுக்குச் சாதாரண பிளைவுட் வேண்டாம், ஓரங்கள் ஊதிப் பிரிந்துவிடும். கடையிலேயே அளவாக அறுத்துக் கொடுத்தார்கள். மேல்பலகை 900 × 600 மி.மீ. முன்பக்க உயரம் 450, பின்பக்கம் 600. இந்தச் சரிவு அழகுக்காக இல்லை. அடிக்கிறவர் குனிந்து இறக்கும்போது துணி முழு நீளமும் ஒரே நேரத்தில் பலகையில் படிய வேண்டும், அப்போதுதான் ஒற்றைச் சத்தமாக வரும். தட்டையான மேசையில் துணியின் நுனி முதலில் பட்டு நடுப்பகுதி பிறகு விழும், அடி இரண்டாகக் கேட்கும். எங்கள் பிள்ளைகளின் உயரத்துக்கு இந்த அளவு சரியாக இருந்தது. உங்கள் ஆட்கள் குள்ளமாக இருந்தால் முன்பக்கத்தைக் குறையுங்கள்.

பெட்டியை மூடி முதல் அடி அடித்ததும் "தொம்ம்" என்று இழுத்தது. துவைக்கும் பாத்திரத்தில் நடித்த பெண் உடனே சொன்னாள்: "அக்கா, இது கல்லு இல்ல. யாரோ வீட்டுக் கதவை இடிக்கிற மாதிரி இருக்கு." அவள் சொன்னது முழுக்கச் சரி. பலகையின் அடியில் இரண்டு அங்குலச் சட்டங்களைக் குறுக்காக இரண்டும் மூலைவாக்கில் ஒன்றும் பசையும் திருகும் போட்டு இறுக்கினோம். உள்ளே பத்து கிலோ மணல் மூட்டை இரண்டை, சட்டத்தை அழுத்துகிற மாதிரி வைத்தோம். இழுவை போய் "தப்" என்று வெட்டுப்பட்டு நின்றது. மணல் மூட்டை தனியாக இருப்பதில் இன்னொரு வசதி, பெட்டியை மட்டும் தூக்கினால் 15 கிலோதான், இரண்டு பேர் மின்தூக்கியில் கொண்டுபோகலாம்.

மேற்பரப்புக்குக் கல் தோற்றம் வர, சாம்பல் நிற அக்ரிலிக் பெயிண்ட்டில் மணலைக் கலந்து பூசினோம். கட்டட மணலைக் கலந்தபோது பார்வைக்கு நிஜக் கல்லேதான். ஆனால் ஒரே மாலை ஒத்திகையில் வேட்டியின் கரை நூல் நூலாகப் பிரிந்தது. தேய்த்து எடுத்துவிட்டு, தேநீர் வடிகட்டியில் சலித்த பொடி மணலால் மறுபடி பூசி, மேலே இரண்டு கை வார்னிஷ் கொடுத்தோம். மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, துணியும் கிழியாது.

இனி மைக். இதில்தான் நேரம் அதிகம் போனது. சிம் லிம் டவரில் 27 மி.மீ. பீசோ வில்லைகள் கிடைக்கும். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளை வட்டம் இருக்குமே, அதுதான். அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும். ஒரு கட்டு 5 வெள்ளி. அதில் ஒன்றைப் பலகையின் அடியில் எப்பாக்சியால் ஒட்டி, நேராக மிக்சரில் (ஒலிகளைக் கலக்கும் கருவி) சொருகினால் சத்தம் தகரம் தட்டினாற்போல வந்தது. கீழ்ச்சுருதியே இல்லை. மிக்சரில் பேஸைத் திருகித் திருகிப் பயனில்லை. வராத சத்தத்தை எப்படி ஏற்றுவது?

காரணம் இதுதான். இந்த வில்லை மின்சாரக் கணக்கில் சுமார் 20 நானோஃபாரட் மின்தேக்கி. அதை 10 கிலோ ஓம் மின்தடை உள்ள மிக்சர் உள்ளீட்டில் கொடுத்தால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் வடிந்துவிடும். சாதாரண மைக் உள்ளீடு 2 கிலோ ஓம் அளவுதான், அதில் இன்னும் மோசம். உள்ளீடு 1 மெகா ஓம் என்றால் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், முழுச் சத்தமும் கிடைக்கும். ஆகவே வில்லைக்கும் மிக்சருக்கும் நடுவில், உள்ளீடு 1 மெகா ஓம் உள்ள பஃபர் என்கிற சிறு மின்சுற்று ஒன்று வேண்டும். டிஎல்072 சிப் ஒன்று, 1 மெகா ஓம் மின்தடை ஒன்று, இன்னும் நாலைந்து உதிரிகள், 9 வோல்ட் பேட்டரி, அலுமினியப் பெட்டி. எல்லாம் சேர்த்து 15 வெள்ளி. ஞாயிறு மதியம் சாலிடர் பண்ணி முடித்தாயிற்று. பேட்டரி என்று முடிவு செய்ததற்கு முக்கியக் காரணம் பாதுகாப்பு. ஈரத்துணி அடிபடுகிற பொருளுக்குள் சுவர் மின்சாரத்தோடு சம்பந்தப்பட்ட எதுவும் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பஃபர் போட்டதும் கீழ்ச்சுருதி வந்தது. கூடவே புதுத் தொல்லை. தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருக்கும் எங்கள் பையன் ஒருவன் ஓங்கி அடித்தால் சத்தம் கிழிந்தது. நேரடி அடியில் பீசோ பல வோல்ட் கொடுக்கும், 9 வோல்ட்டில் ஓடுகிற சிப் அதைத் தாங்காது. மிக்சரில் குறைப்பதால் ஆகிறதில்லை, கிழிசல் அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. வில்லைக்கு இணையாக 47 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தோம். இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு, வரும் அளவு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, சுமார் 10 டெசிபல் இறங்கியது. கீழ்ச்சுருதிக்கும் சேதமில்லை. பத்துக் காசு உதிரி செய்த வேலை. வில்லையையும் அடிபடும் நடுப்பகுதியிலிருந்து நகர்த்தி, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில், சட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். வில்லைக்கும் பஃபருக்கும் நடுவே கம்பி ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது, போனால் இரைச்சலை வாங்கும். வில்லையின் மேல் செம்புத்தாள் ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தோம், அதற்கும் மேலே சிலிகான் பூசி நீர் புகாமல் அடைத்தோம்.

துணிக்கும் ஒரு பக்குவம் உண்டு. நாலு முழப் பருத்தி வேட்டி. உலர்ந்து இருந்தால் அடி செத்துப்போகும். சொட்டச் சொட்ட இருந்தால் சத்தம் பிரமாதம், ஆனால் தண்ணீர், மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் வரை தெறிக்கும், தரை வழுக்கும். கையால் பிழிந்தால் ஒவ்வொருவர் பிழிவதும் ஒவ்வொரு மாதிரி, அடியின் சத்தமும் ஒவ்வொரு மாதிரி. சலவை இயந்திரத்தில் ஒரு சுற்று சுழற்றி எடுத்து நெகிழிப் பையில் கட்டிக் கொண்டுவந்ததுதான் சரியாக வந்தது. சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தோம்: உலர்ந்த வேட்டி 250 கிராம், சுழற்றியது 400 கிராம் அளவில். அதை இரண்டாக மடித்து லேசாக முறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கி முறுக்கினால் கயிறாகிவிடும், பரப்பு குறைந்து சத்தமும் குறையும். குளிரூட்டிய அரங்கில் துணி சீக்கிரம் காய்வதால் காட்சிக்கு முன் மாற்று வேட்டி ஒன்றைத் தயாராக வைத்தோம்.

இந்த எடைதான் பிறகு இசையையே மாற்றியது. ஜப்பான் குழு முன்கூட்டியே அனுப்பிய பாடல் நிமிடத்துக்கு 126 தாள அடி, நாலு நாலாகப் போகும். ஓர் அடிக்கு அரை விநாடிகூட இல்லை. ஈரத்துணியைத் தூக்கி, தலைக்கு மேல் சுழற்றி இறக்க ஒரு விநாடிக்கு மேல் வேண்டும். இரண்டு அடிக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தார்கள். முதல் சில வீச்சு சரியாக இருக்கும், அப்புறம் கை பின்தங்கும், தோள் வலிக்கும். நாலு அடிக்கு ஒருமுறை என்றால் முடிகிறது, ஆனால் பாட்டில் துவைகல் இருப்பதே தெரியவில்லை. பாட்டை 96க்கு இறக்கச் சொல்லிக் கேட்டோம். அவர்கள் மறுக்காமல் பதிவு செய்து அனுப்பினார்கள். கேட்டதுமே புரிந்தது, பாட்டின் உயிர் போய்விட்டது.

மிருதங்கம் கற்கும் பெண் ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கிறாள். அவள்தான், "நாலுக்கு பதிலா ஏழா போடலாமே அக்கா? தகிட தகதிமி" என்றாள். தகிட மூன்று, தகதிமி நாலு. தகிடவின் முதலில் துவைகல்லில் ஓர் அடி, தகதிமியின் முதலில் ஓர் அடி. அதே 126 வேகத்தில் கணக்குப் போட்டால் முதல் இடைவெளி 1.4 விநாடி, அடுத்தது 1.9. கை சுழல நேரம் இருக்கிறது. நீண்ட இடைவெளியில் மூச்சு வாங்கலாம். இரண்டும் சமமாக இல்லாததால் துவைகல் தூங்கிவழியாமல் பாட்டை இழுத்துக்கொண்டு போகிறது. பாட்டின் வேகத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அவள் தொடையில் தட்டி, வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினாள். இரண்டே நாளில் டிரம்ஸ் கலைஞரிடமிருந்து பதில் பதிவு வந்தது, அதில் அவரே "தகிட தகதிமி" என்று சொல்லிக்கொண்டு வாசித்திருந்தார். சாமிசென் கலைஞருக்குத்தான் வேலை அதிகம். எட்டில் அமைந்த மெட்டை ஏழுக்குக் கொண்டுவர ஒவ்வொரு வரியிலும் ஒரு சுரத்தைக் கழித்து, முழுப் பாட்டையும் மறுபடி கட்டினார். அந்தப் பெருந்தன்மையை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம்.

இணையத்தில் நேரலையாகச் சேர்ந்து ஒத்திகை பார்க்கும் எண்ணத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டோம். சத்தம் போய்வருகிற தாமதத்தில் ஏழு கணக்கு நிற்காது. பதிவுகளை மாற்றிக்கொள்வதே மேல். தேசிய சேவைப் பையன் ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பும்போது அந்தப் பதிவைக் கைப்பேசியில் எடுத்துப் போவான். அடுத்த வாரம் வந்து நிற்கும்போது எல்லாரையும்விட அவன் கணக்கு சுத்தமாக இருக்கும்.

அவர்கள் வந்து இறங்கியதும் மின்சாரச் சிக்கல். ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. கிட்டார், பேஸ் ஆம்ப் இரண்டையும் இங்கேயே வாடகைக்கு எடுத்திருந்தோம், அதில் சிக்கலில்லை. அடாப்டர்களின் வயிற்றில் "100-240" என்று போட்டிருந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும். கிட்டார்காரரின் பெடல்களுக்கான மின்பெட்டி ஒன்றில் மட்டும் "100" என்று தனியாக இருந்தது. கடைகளில் கேட்டால் 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள், "பரவாயில்லை, ஓடும்" என்கிறார்கள். பத்து சதவீதம் கூடுதல் என்பது பழைய வகை மின்பெட்டிக்குச் சூடுதான். தேடி அலைந்து சரியாக 100 வோல்ட் தரும் 300 விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை 75 வெள்ளிக்கு வாங்கினோம்.

அதைப் போட்டதும் துவைகல் மைக்கில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். டிரான்ஸ்ஃபார்மர் துவைகல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு மீட்டர் தள்ளி வைத்ததும் பாதி போனது. மீதி, எல்லாரும் வெவ்வேறு சுவர்ப் புள்ளியிலிருந்து மின்சாரம் எடுத்ததால் வந்தது. மேடை மின்சாரம் முழுவதையும் ஒரே சுற்றுக்குக் கொண்டுவந்து, துவைகல் கம்பி மிக்சருக்குப் போகும் வழியில் இருந்த டிஐ பெட்டியின் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைப் போட்டதும் அமைதி. அது ஒலிக் கம்பியின் எர்த்தை மட்டும் பிரிக்கும். இரைச்சலைப் போக்க மூன்று முனைப் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்கச் சிலர் சொல்வார்கள். உயிர் விஷயம், செய்யாதீர்கள்.

கடைசித் தடங்கல் அரங்கிலேயே காத்திருந்தது. பிராஸ் பசா வட்டாரத்தில் ஒரு சிறிய அரங்கு, மரத்தளத்துக்கு அடியில் வெற்றிடம். பேஸ் ஒலிக்க ஆரம்பித்ததும் தரை அதிர, துவைகல் அந்த அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்குத் தர, ஸ்பீக்கர் மறுபடி தரையை அதிரவைக்க, 110 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஊளையிட்டது. உடற்பயிற்சி ரப்பர் பாயின் துண்டுகளைக் கால்களுக்கு அடியில் இரண்டு அடுக்காக வைத்தோம். பேஸ் ஆம்பை ஒரு பலகை மேடையில் ஏற்றி மறுகோடிக்கு அனுப்பினோம். மிக்சரில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 110 பக்கத்தில் மட்டும் குறுகலாகச் சத்தத்தைக் குறைத்தோம். பிள்ளைகளுக்கான மானிட்டர் ஸ்பீக்கரைத் துவைகல்லின் பின்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தினோம். இந்த நான்கில் அதிகம் உதவியது ரப்பர்தான்.

வசனத்துக்குத் தலையில் மாட்டும் மைக் ஆறு, ஒன்றுக்கு ஒரு நாள் வாடகை 45 வெள்ளி. அவற்றைவிட உதவியது குழுவினர் இடம்விட்டு வாசித்தது. சாமிசென்னின் கூர்மையும் தமிழ் மெய்யெழுத்துகளின் கூர்மையும் ஒரே இடத்தில் மோதுகின்றன. வசனம் வரும் இடங்களில் சாமிசென் கலைஞர் தோலை அடிக்காமல் ஒற்றைத் தந்தியை மட்டும் மீட்டினார், டிரம்ஸ் கலைஞர் குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ் எடுத்தார். எழுத்து எழுத்தாகக் கேட்டது. பின்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் கடைசிக் காட்சியில் தகிட தகதிமிக்குச் சரியாகக் கைதட்டினார்.

மைக் வாடகையைத் தவிர்த்து, மரம், சட்டம், பெயிண்ட், வார்னிஷ், மணல், மின் உதிரி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்ந்து 240 வெள்ளிக்குள் முடிந்தது.

அடுத்த முறை மாற்றப்போவது: வருகிற குழுவிடம் ஒரு மாதம் முன்பே ஒவ்வோர் அடாப்டரின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பஃபர் பெட்டியில் ஒரு சுவிட்சும் சிவப்பு விளக்கும் வேண்டும், இப்போது கம்பியைச் சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பிக்கிறது, ஒத்திகை முடிந்து கழற்ற மறந்தால் மறுநாள் காலி. துணியின் எடையை முதலில் முடிவு செய்து, கை எவ்வளவு வேகம் தாங்கும் என்று பார்த்த பிறகே பாட்டுக்கு மெட்டுப் போட வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒரு கல் போதாது. தகிடவுக்கு ஒன்று, தகதிமிக்கு ஒன்று என்று இரண்டு சுருதியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று துவைக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டாவது கல்லின் மேல்பலகை 750 × 500, சட்டம் ஒன்று கூடுதல், சுருதி மேலே ஏறும். முதல் தாளில் மிஞ்சிய பிளைவுட்டிலேயே மேல்பலகை அறுத்தாயிற்று. மற்றப் பலகைகளும் சட்டமும்தான் வாங்க வேண்டும்.